நான்கு மணி ஆட்டத்தைப் பன்னிரண்டு மணிக்கு வைத்தவர்கள்

போன மே மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை விழுப்புரத்திலிருந்து விருத்தாசலம் போய் வந்தேன். அந்த ஊருக்குப் போகிறவர்களில் பாதிப் பேர் கோயிலுக்குப் போவார்கள், மீதிப் பேர் ரயில் மாறப் போவார்கள். நான் போனது கால்பந்து பார்க்க. என் மகள் வயிற்றுப் பேத்தி வளர்மதி அங்கே பெண்கள் அணிக்கு கேப்டன், கோல் கீப்பரும் அவள்தான். மாவட்ட இறுதி ஆட்டம். இந்த வலைப்பக்கத்தை நடத்துவது என் மருமகள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், நோட்டில் எழுதிக் கொடுக்கிறேன், அவள் டைப் அடிக்கிறாள். கமாவும் புள்ளியும் அவளுடையவை, கோபம் என்னுடையது.

எதற்காகப் போனேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வளர்மதி பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டாள். வயதுக் கணக்குப்படி இந்தப் பிரிவில் அவளுக்கு இதுதான் கடைசி வருடம். ஜெயிக்கிற அணி மாநிலப் போட்டிக்குப் போகும். மாநில அளவில் ஆடிய சான்றிதழ் இருந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரியில் இடம் கேட்கலாம். அவள் மார்க்குக்கு வேறு வழி இல்லை. எழுபது நிமிட ஆட்டத்தில் ஒரு பெண்ணின் மூன்று வருடப் படிப்பு இருந்தது.

விழுப்புரத்தில் காலை 7.40 பாசஞ்சர். டிக்கெட் பத்து ரூபாய், தூரம் ஐம்பத்து நான்கு கிலோமீட்டர். ஞாயிறு என்பதால் ஜன்னல் சீட் கிடைத்தது. உளுந்தூர்பேட்டையில் சுண்டல் ஏறும், இரண்டு ரூபாய், நன்றாக இருக்கும். 9.15க்குச் சேர வேண்டிய வண்டி 9.35க்குச் சேர்ந்தது. இறங்கியதும் மகள் கலாவின் போன்: "அம்மா, ஆட்டத்த பன்னண்டு மணிக்கு மாத்திட்டாங்க. நேரா கிரவுண்டுக்கே வந்துடு."

அச்சடித்த நோட்டீஸில் மாலை நான்கு மணி என்று இருந்தது. அதை மடித்துப் பையில் வைத்திருந்தேன். நான்கு மணிக்கு ஒரு பெரிய மனிதர் வருகிறாராம், அவருக்கு ஒரு மணி நேரம்தான் நேரமாம், அந்த நேரத்தில் ஆண்கள் இறுதி ஆட்டத்தைக் காட்ட வேண்டுமாம். அதனால் பெண் பிள்ளைகளை உச்சி வெயிலுக்குத் தள்ளிவிட்டார்கள். மே மாதம், விருத்தாசலம், பகல் பன்னிரண்டு மணி. அந்த ஊர் வெயிலைப் பார்த்தவர்களுக்கு மேலே எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

ஜங்ஷனிலிருந்து மைதானம் மூன்று கிலோமீட்டர். செராமிக் பட்டறைகளைத் தாண்டிப் போக வேண்டும். ஆட்டோக்காரர் முப்பது கேட்டார், இருபத்தைந்துக்கு வந்தார். விஷயத்தைச் சொன்னேன். வழியில் பட்டறை ஓரம் பலகைகளில் அடுக்கியிருந்த ஈரச் சாமான்களைக் காட்டினார்.

"பாருங்கம்மா, பச்ச சாமானையே நெழல்லதான் காய வெக்கிறாங்க. வெயில் பட்டா கீறல் வுட்டுடும். புள்ளைங்கள வெயில்ல வுடறாங்களா? யாரு இவங்களுக்கு வேல குடுத்தது?"

நியாயமான கேள்வி. போட்டியை நடத்துகிற சங்கத்தில் யாருக்கு யார் வேலை கொடுத்தார்கள் என்று அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை. நேரம் மாறலாம் என்று பேச்சு அடிபட்டதுமே, முதல் நாளே பெற்றோர்கள் மாற்றாதீர்கள் என்று மனு கொண்டுபோயிருக்கிறார்கள். செயலாளர் வாங்கவில்லை. சனி ஞாயிறு மனு வாங்குவதில்லையாம், திங்கட்கிழமை வரச் சொன்னாராம். ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை. இதைக் கேட்டதும் எனக்கு வந்த வார்த்தைகளை மருமகள் டைப் அடிக்க மறுத்துவிட்டாள்.

மைதானத்தில் புல் கிடையாது. ஒரு பக்கம் ஷாமியானா, அதற்குள் சங்கத்துக்காரர்கள், மைக், ஃபேன், எலுமிச்சை ஜூஸ். எதிர்ப்பக்கம் கம்பி வேலிக்கு வெளியே நாங்கள். எதிரணி கடற்கரை ஊர்ப் பெண்கள், விடியற்காலையிலேயே வேன் பிடித்து வந்தவர்கள். அவர்களுடைய ஆட்களும் எங்கள் பக்கத்திலேயே தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு நின்றார்கள். இந்த விஷயத்தில் இரண்டு ஊருக்கும் ஒரே வயிற்றெரிச்சல்.

கலா பட்டறையில் செக்கிங்கில் வேலை பார்க்கிறாள். சூளையிலிருந்து வந்த சாமானை இரண்டிரண்டாக எடுத்துக் காதருகே ஒரு தட்டு தட்டுவார்கள். ணங் என்றால் நல்லது. டொக் என்றால் உள்ளே கீறல், ஒதுக்கிவிடுவார்கள். ஒரு சாமானுக்கு ஒரு தட்டு, அதுதான் வழக்கம். சூப்பர்வைசர் ஏதாவது அநியாயம் பண்ணினால் அன்றைக்கு மட்டும் எல்லாப் பெண்களும் ஒரு சாமானுக்கு மூன்று தட்டு தட்டுவார்கள். யாரும் வாய் திறக்க மாட்டார்கள். வேலை மூன்றில் ஒரு பங்காகிவிடும். மத்தியானத்துக்குள் சூப்பர்வைசர் இறங்கி வந்து என்னம்மா என்று கேட்பார். அது அவர்களுக்குள் அத்தனை பழக்கம்.

அன்றைக்கு ஐம்பது அறுபது பேர் பூச்சு சரியில்லை என்று பட்டறையில் ஒதுக்கின பீங்கான் ஃப்யூஸ் கட்டை ஆளுக்கு இரண்டோடு வந்திருந்தார்கள். ஆட்டம் ஆரம்பித்துப் பத்தாவது நிமிடம் மூன்று தட்டு தட்டுவதாகத் திட்டம். ஆட்டத்தின் நடுவில் இது சரியா என்று ஒருவர் கேட்டார், முடிந்த பிறகு பேசலாமே என்றார். முடிந்த பிறகு அவர்கள் காரில் ஏறிவிடுவார்கள், கார்க் கண்ணாடியிடமா பேசுவீர்கள் என்று நான்தான் கேட்டேன். கலாவிடம் எனக்கும் இரண்டு கட்டை வாங்கிக்கொண்டேன். பிள்ளைகளிடம் இதைப் பற்றி யாரும் சொல்லவில்லை. சொன்னால் கவனம் சிதறும் என்று நினைத்தோம்.

ஆட்டம் 12.05க்கு ஆரம்பித்தது. எட்டாவது நிமிடமே எங்கள் பெண்கள் ஒரு கோல் போட்டுவிட்டார்கள். பத்தாவது நிமிடம் தட்ட ஆரம்பித்தோம். ணங் ணங் ணங், நிறுத்தி, மறுபடி ணங் ணங் ணங். ஷாமியானாவில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். செயலாளர் மைக்கை எடுத்தார். தொழிலாளர் குடும்பங்களின் உற்சாகமான ஆதரவுக்குச் சங்கத்தின் சார்பில் நன்றி என்றார். கை தட்ட வேறு சொன்னார்.

எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. மூன்று தட்டு என்றால் உலகத்துக்கே அர்த்தம் தெரியும் என்று இந்தப் பெண்கள் நினைத்துவிட்டார்கள். இன்னும் பலமாகத் தட்டினால் புரியும் என்றாள் கலா. பலமாகத் தட்டினோம். இருபதாவது நிமிடம் கடற்கரை அணியில் ஒரு பெண் சுருண்டு உட்கார்ந்தாள். தண்ணீர் கொடுக்க ஓடினவர்களைச் சங்கத்து ஆள் ஒருவர் கோட்டுக்கு வெளியே தடுத்தார். அதைப் பார்த்ததும் அவர்கள் ஊர் ஆட்களும் எங்களிடம் கட்டை வாங்கித் தட்ட ஆரம்பித்தார்கள். யாரோ ஷாமியானா வரை போய், ஐயா இது உற்சாகம் இல்லை, மணியை மாற்றினதுக்கு என்று விளக்கிச் சொல்லிவிட்டார். செயலாளர் முகம் மாறிவிட்டது. சத்தம் நிற்காவிட்டால் ஆட்டத்தை ரத்து செய்து இரண்டு அணிகளையும் நீக்குவேன் என்று மைக்கில் சொன்னார்.

இதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. தப்பு செய்தது சங்கம், கேட்டது நாங்கள், தண்டனை மட்டும் ஓடிக்கொண்டிருக்கிற பிள்ளைகளுக்கு. நான் தட்டின தட்டில் என் கையிலிருந்த ஒரு கட்டை உடைந்தே போனது.

இருபத்தேழாவது நிமிடம் பந்து எங்கள் கோலுக்கு முன்னால் உயரமாக வந்தது. வளர்மதி பிடிக்கப் பாய்ந்தாள். விலகச் சொல்லி வாயைத் திறந்து கத்தியது தெரிந்தது, கேட்கவில்லை. பக்கத்திலிருந்த எங்கள் அணிப் பெண்ணுக்கும் கேட்கவில்லை போல, அவளும் பாய்ந்தாள். இரண்டு பேரும் மோதி விழ, பந்து உருண்டு உள்ளே போனது. ஒன்றுக்கு ஒன்று.

வளர்மதி எழுந்தாள். கோலைக்கூடப் பார்க்காமல் நேராக வேலிக்கு வந்தாள். முகமெல்லாம் மண்.

"எங்க கொரலு எங்களுக்கே கேக்கல. எல்லாத்தையும் கீழ வைங்க. அம்மா, நீ மொதல்ல வை."

"உனக்காகத்தான்டி தட்டறோம்," என்றாள் கலா.

"எனக்காகன்னா என்ன கேட்டியா?"

கலா கட்டையைக் கீழே வைத்தாள். எல்லோரும் வைத்தார்கள். என் கையிலிருந்த ஒற்றைக் கட்டையையும் வளர்மதி பார்த்தாள். நானும் வைத்தேன்.

அவள் எதிரணிக் கேப்டனிடம் போய் ஏதோ பேசினாள். இரண்டு பேருமாக நடுவரிடம் போனார்கள். அவர் ஒரு பி.டி. வாத்தியார், நல்ல மனிதர். நோட்டீஸில் நான்கு மணி என்று போட்டிருக்கிறது, மீதி ஆட்டத்தை நான்கு மணிக்கு ஆடுகிறோம் என்றார்களாம். அவர் வாட்சைப் பார்த்தார், விசில் ஊதினார், 27 நிமிடம், 1-1 என்று எழுதிக்கொண்டார். இருபத்திரண்டு பெண்களும் வேப்பமர நிழலுக்கு நடந்தார்கள். செயலாளர் மைக்கில் ஆட்டம் ரத்து என்றார். யாரும் காதில் வாங்கவில்லை.

மூன்றரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்தோம். புளிசாதமும் தண்ணீரும் இரண்டு ஊருக்கும் பொதுவானது. வளர்மதி என்னோடும் பேசவில்லை, அவள் அம்மாவோடும் பேசவில்லை.

நான்கு மணிக்குப் பெண்கள் மைதானத்தில் போய் இரண்டு வரிசையாக நின்றார்கள். ஆண்கள் அணிகள் கோட்டுக்கு வெளியே காத்திருந்தன. ஐந்து நிமிடத்தில் கார் வந்தது. பெரிய மனிதருக்கு எந்த ஆட்டம் என்று யாரும் சொல்லி வைக்கவில்லை போலிருக்கிறது. நிற்கிறவர்கள்தான் ஆடுகிறவர்கள் என்று நினைத்து நேராகப் போய் ஒவ்வொரு பெண்ணுக்கும் கை கொடுத்து, நன்றாக ஆடுங்கம்மா என்று வாழ்த்திவிட்டு வந்து உட்கார்ந்தார். செயலாளர் பின்னாலேயே ஓடினார். கை கொடுத்த பிறகு என்ன சொல்ல முடியும்? நடுவர் விசில் ஊதினார். ஆட்டம் இருபத்தெட்டாவது நிமிடத்திலிருந்து தொடங்கியது.

எதிர்ப்பு ஜெயித்தது, ஆட்டம் தோற்றது. கடைசி ஐந்து நிமிடத்தில் ஒரு கார்னரில் கடற்கரைப் பெண் தலையால் முட்டிப் போட்ட கோல். 2-1. நல்ல கோல், குறை சொல்ல முடியாது. நாங்கள் தட்டாமல் இருந்திருந்தால் எங்கள் பக்கம் அந்த முதல் கோல் விழுந்திருக்குமா என்று கலா இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறாள். எனக்கும் தெரியவில்லை. வளர்மதிக்குக் கிடைத்தது மாவட்டச் சான்றிதழ். கல்லூரி விண்ணப்பத்தில் மாநிலம் என்று கேட்டிருக்கிறார்கள்.

திரும்ப 6.15க்குப் பஸ் ஏறினேன். விழுப்புரத்துக்குப் பத்தொன்பது ரூபாய், இரண்டு மணி நேரம். ஏற்றிவிட வளர்மதி வந்திருந்தாள். மன்னிப்பு கேட்கிற பழக்கம் எனக்கு இல்லை. ஆனாலும், கேட்டுவிட்டுத் தட்டியிருக்கணும்மா என்றேன்.

"தோத்துட்டோம்தான் ஆயா," என்றாள். "நாலு மணிக்குத் தோத்தோம். பன்னண்டு மணிக்குத் தோத்திருந்தா எனக்கு ஆறியிருக்காது."

ஆட்டத்தின் நடுவில் ரசிகர்கள் சங்கத்தை எதிர்க்கலாமா? எதிர்க்கத்தான் வேண்டும். மற்ற நாளில் அவர்கள் கண்ணிலேயே படுவதில்லை. மனுவை வாங்காதவர்கள், தண்ணீரைத் தடுத்தவர்கள், குரல் கேட்டால் பிள்ளைகளை நீக்குவோம் என்கிறவர்கள், ஆட்ட நேரத்தில்தான் நம் எதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். ஆனால் மைதானத்தில் நிற்பவள் நம் பிள்ளையே ஆனாலும் முதலில் அவளைக் கேளுங்கள். எங்களுக்குத் தோன்றாதது அதுதான், அதற்கு ஒரு கோல் கொடுத்தோம்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். மைதானத்தில் குடிதண்ணீர் கிடையாது, ஆளுக்கு இரண்டு பாட்டில் எடுத்துப் போங்கள். குடை அவசியம். பட்டறைகள் ஞாயிறு விடுமுறை, பொம்மையோ கோப்பையோ வாங்க வேண்டுமென்றால் சனிக்கிழமையே போய்விடுங்கள். வாங்கும்போது காதருகே ஒரு தட்டு தட்டிப் பார்த்து வாங்குங்கள். நோட்டீஸைத் தூக்கிப் போடாமல் பையிலேயே வைத்திருங்கள். நேரத்தை மாற்றிவிட்டோம் என்று யாராவது சொன்னால், அச்சடித்த நேரத்துக்கும் அங்கே இருங்கள். கிளம்பி வந்துவிடாதீர்கள்.