ஓதுகிறவள்

சென்னப்பனைக் குளிப்பாட்டி, வாசலில் பந்தலுக்குக் கீழே கிடத்தியிருந்தார்கள். வாய்க்கரிசி போட்டாயிற்று, பாடையும் கட்டியாயிற்று. பொழுது சாய்வதற்குள் எடுத்தாக வேண்டும். ஆனால் யாரும் தூக்க வரவில்லை. நெருப்புச் சட்டி யார் கையில் என்பது இன்னும் முடிவாகவில்லை.

சென்னப்பனுக்கு மகன் கிடையாது. ஒரே மகள் சுவாதி. "எம்மவதான் எனக்கு வெக்கணும்" என்று ஆஸ்பத்திரிப் படுக்கையில் அவர் சொன்னதை மனைவி ருக்மணி கேட்டாள், பக்கத்துக் கட்டில்காரர்களும் கேட்டார்கள். அவருடைய அண்ணன் ராஜப்பன்தான் அப்போது அங்கே இல்லை. பங்காளிகளில் மூத்தவர் ராஜப்பன். அவர் தலையசைக்காமல் பாடை நகராது. அவருடைய மகன் கௌதம் ஈர வேட்டியோடு, கயிற்றில் தொங்கும் சட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றான். புகை கண்ணில் ஏற, முகத்தை அப்படியும் இப்படியும் திருப்பிக்கொண்டிருந்தான்.

சுவாதி கர்நாடக எல்லையோரம் இந்தத் தளி ரோட்டுப் பக்கத்திலேயே வளர்ந்தவள். பி.எஸ்சி. முடித்து ஓசூரில் ஒரு ஆலையில் ஒயர் பொருத்தும் லைனில் வேலை பார்த்தவள். அங்கே ஒரு மேலாளர் இருந்தார். மெஷின்மேல் விரல் தடம் பட்டாலே மெமோ கொடுப்பவர். ஆயுத பூஜையன்று அவரே அந்த மெஷினுக்குக் கை நிறையச் சந்தனத்தை அப்பினார். ஏன் சார் என்று சுவாதி கேட்டாள். "சாமி விஷயம்மா, கேக்கக் கூடாது" என்றார். அவள் கேட்பதை விடவில்லை. வேலையை விட்டுவிட்டு, பெங்களூரில் ஒரு பல்கலைக்கழகத்தில் சமயவியல் எம்.ஏ. சேர்ந்தாள். சாமி இருக்கிறதா என்று தீர்ப்புச் சொல்வது எங்கள் வேலை இல்லை, இருக்கிறது என்று நம்புகிறவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதே பாடம் என்று முதல் வகுப்பிலேயே சொல்லிவிட்டார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் விடாவிட்டாலும், மாட்டுக்குப் பால் வற்றினாலும், இந்தப் பக்கத்து இந்துக்கள் சர்க்கரைப் பொட்டலத்தோடு தர்காவுக்குப் போவார்கள். அங்கே ஓதி ஊதிக் கொடுப்பார்கள். அதற்குச் சக்கரை ஓதிக்கிறது என்று பெயர். அதைப் பற்றித்தான் ஆய்வேடு. வியாழக்கிழமைதோறும் தர்கா வாசலில் உட்கார்ந்து, வருகிறவர்களிடம் பேசினாள்.

"எல்லாரும் கேட்டுக்குங்க" என்றார் ராஜப்பன்.

வீட்டில் அவர்கள் பேசுவது கன்னடம். இப்போது அவர் தமிழில் பேசினார். வெளியூர்க்காரர்களுக்கும் புரிய வேண்டும் என்றே பேசுகிறார் என்று சுவாதிக்குத் தெரிந்தது.

"பொம்பளப் புள்ள கொள்ளி வெக்கக் கூடாதுன்னு நான் சொல்லல. இப்பல்லாம் வெக்கிறாங்க, பாக்கறோம். ஆனா தர்காவுல ஒக்காந்து ஓதுறவ வெக்கக் கூடாது."

"யாரு ஓதுறா, தொட்டப்பா?" பெரியப்பாவை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள்.

"நீதான். உங்கப்பன் வாயாலயே சொல்லியிருக்கான். குந்தாரப்பள்ளி சந்தையில, இதோ இந்தத் தரகர்கிட்ட. இவரு வந்து சொன்னப்ப எனக்கு நாக்கப் புடுங்கிக்கலாம்போல இருந்துச்சு."

மாட்டுத் தரகர் ஆனந்த் நாற்காலியில் நெளிந்தார். வீட்டில் தமிழ் பேசுகிற மத்தூர்க்காரர். "ஆமாங்க, சொன்னாரு. 'நன்ன மகளு தர்காதல்லி ஓதுத்தாளெ'ன்னு. சிரிச்சிக்கிட்டே சொன்னாரு. எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு."

சுவாதிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டாள். கன்னடத்தில் ஓதுவது என்றால் படிப்பது. பள்ளிக்கூடத்தில் ஓதுவார்கள், பேப்பர் ஓதுவார்கள். அப்பா பெருமையாகச் சொன்ன அந்த ஒரு சொல் மத்தூர்க்காரர் காதில் தமிழாக விழுந்து, தமிழாகவே அண்ணனிடம் வந்து சேர்ந்திருக்கிறது.

"அப்பா நம்ம பேச்சுல சொல்லியிருக்காரு, தொட்டப்பா. படிக்கிறான்னு."

பந்தலில் யாரோ சிரித்து, சட்டென்று நிறுத்திக்கொண்டார்கள். "எனக்கென்னங்க தெரியும்" என்று முணுமுணுத்தார் ஆனந்த்.

அத்தோடு முடிந்துவிடும் என்றுதான் சுவாதி நினைத்தாள். ஆனால் அந்தச் சிரிப்பு ராஜப்பனைச் சுட்டுவிட்டது. "சரி, படிக்கிறா. அது மட்டும் ஒழுங்கா?"

பெண்கள் பக்கத்திலிருந்து அவர் மனைவி பவளம் குரல் கொடுத்தாள். "உம்மவனுக்கு இசிவு வந்தப்ப சக்கரை ஓதிக்க அந்தத் தர்காவுக்கு ஓடினது யாரு? இப்ப மட்டும் ஆகாதோ?"

"அம்மா, சும்மா இரும்மா" என்றான் கௌதம்.

"நான் நம்பிப் போனேன்டி! இவ நம்பியா போறா? கும்புடறவனப் பக்கத்துல ஒக்காந்து வேடிக்கை பாக்கறா. மாட்டுக்குப் பல்லப் புடிச்சுப் பாக்கற மாதிரி சாமியப் பாக்கறா. நெஜமாவே ஓதியிருந்தாகூட நான் பொறுத்திருப்பேன்." ராஜப்பன் சுவாதி பக்கம் திரும்பினார். "ஒரே கேள்வி. எந்தம்பி மேல கைய வெச்சுச் சொல்லு. சாமி உண்டா, இல்லையா?"

ருக்மணி மகளைப் பார்த்து உதட்டை மட்டும் அசைத்தாள். உண்டுன்னு சொல்லு.

ஒரு சொல் போதும். சொன்னால் சட்டி கைக்கு வந்துவிடும். சுவாதி குனிந்து அப்பாவின் பாதத்தில் கை வைத்தாள். சில்லிட்டிருந்தது. மோட்டார் போடும் முன் ஸ்டார்ட்டர் பெட்டிக்குக் கற்பூரம் காட்டுகிற மனிதர். நீ ஏன் கும்பிடுவதில்லை என்று ஒரு நாளும் அவளைக் கேட்டதில்லை. அந்தப் பாதத்தைத் தொட்டுக்கொண்டு, நெஞ்சில் இல்லாததைச் சொல்ல வாய் வரவில்லை.

"தெரியல, தொட்டப்பா."

ருக்மணி தலையில் அடித்துக்கொண்டாள்.

"எனக்குத் தெரியல. அப்பாவுக்கு உண்டு. அவரு எப்படிப் போகணும்னு நெனச்சாரோ, அப்படி அனுப்பி வெப்பேன். ஒண்ணும் தப்பாம செய்வேன். அத மட்டும்தான் சத்தியமா சொல்ல முடியும்."

ரோட்டில் ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டே போனது. ராஜப்பன் தம்பியின் முகத்தைப் பார்த்தபடி நின்றார். தாடைத் துணியை லேசாகச் சரிசெய்தார். பிறகு கன்னடத்தில், அவளுக்கு மட்டும் கேட்கிறாற்போல, "நீ பொய் சொல்லுவேன்னு நெனச்சேன்" என்றார்.

"கௌதம், சட்டிய அவகிட்டக் குடுறா." அவள் கை நீட்டியதும், "கயித்தப் புடி. சட்டியத் தொடாத, சுடும்" என்றார்.

வழி முழுக்க அவள் பக்கத்திலேயே நடந்தார். சுடுகாட்டில் எந்தக் கையால், எந்தப் பக்கம் சுற்ற வேண்டும் என்று அதட்டி அதட்டிச் சொன்னார். நீர்க்குடத்தை உடைத்த பிறகு கொள்ளியை அவள் கையில் கொடுத்து, முகத்தைத் திருப்பி நிற்கச் சொன்னார். அவள் கை பின்னால் தடுமாறியபோது மணிக்கட்டைப் பிடித்து, இடத்தைக் காட்டினார். விறகு பற்றுகிற சத்தம் கேட்டது.

"நட. திரும்பிப் பாக்காத."

ஏன் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று பல ஊர் வழக்கங்களை ஒப்பிட்டு அவள் ஒரு கட்டுரையே எழுதியிருக்கிறாள். அதிலிருந்து ஒரு வரிகூட நினைவுக்கு வரவில்லை. முதுகில் அனல் அடித்தது. பின்னால் பெரியப்பாவின் காலடி கொஞ்ச தூரம் தொடர்ந்தது. பிறகு நின்றுவிட்டது.

திரும்பி நின்று தம்பியைப் பார்க்கிறாரா? அதைத் தெரிந்துகொள்ள அவள் திரும்பியாக வேண்டும். சுவாதி நடந்தாள்.