துஷாந்தனுக்கு வெட்டிய ஐந்து பாஸ்கள்

ஒக்டோபர் 11, சனி, காலை 10.40. ஆளுக்கு முப்பது பாஸ்.

ஜெர்மனியில் எங்கள் எர்லாங்கன் பல்கலைக்கழக அமெரிக்கன் ஃபுட்போல் அணியில், நாளைய ஆட்டத்தில் பந்தை எறியப்போகும் குவார்ட்டர்பேக் யோனாஸா, என் நண்பன் துஷாந்தனா என்பதற்கான தேர்வு.

பிடிபட்ட பாஸ்கள், எண்ணிய தாளில் யோனாஸுக்கு 21, துஷாந்தனுக்கு 17. என் வீடியோவில் துஷாந்தனுக்கு 22.

ட்ரெயினர் மேல்தான் சந்தேகப்பட்டேன். தான் எண்ணவில்லை என்றார். எண்ணியது மதுரா அக்கா, துஷாந்தனின் சொந்த மச்சாள்.

"அக்கா, இந்த அஞ்சும் பிடிச்சதுதானே?"

"ஓம், ஆனா எல்லைக் கோட்டுக்குக் கிட்ட. சந்தேகமானதை வெட்டிப்போட்டன். இல்லாட்டி சொந்தக்காரனுக்குக் கூடப் போட்டனெண்டு சொல்லுவினம்."

"யோனாஸின்ர சந்தேகமானது?"

"அதை நான் ஏன் வெட்டுவான்? அவன் எனக்குச் சொந்தமே?"

இனிச் செய்யப்போவது:

1. யோனாஸின் முப்பதையும் வீடியோவில் எண்ணுவேன். இதுவரை என் நண்பனுடையதை மட்டுமே எண்ணியிருக்கிறேன்.

2. இரண்டு கணக்கையும் வீடியோவோடு இன்று மாலைக்குள் ட்ரெயினருக்கு அனுப்புவேன்.

3. அடுத்த தேர்வுக்கு, இருவரையும் தெரியாத ஒருவரிடம் தாளைக் கொடுப்பேன். எர்லாங்கனில் துஷாந்தனுக்கு உறவில்லாத தமிழர் யாரும் இருந்தால் கீழே எழுதுங்கள். விசாரித்துத்தான் நம்புவேன்.