தாடி முளைத்த குட்டி

நாய்ப் பந்தயச் சங்கத்தில் அவரைக் கொள்ளுத்தாத்தா என்பார்கள். கல்யாணமே ஆகாத மனிதருக்கு இப்படி ஒரு பட்டப்பெயர். எந்த நாயைக் காட்டினாலும் அதன் கொள்ளுத்தாத்தா வரை சொல்லிவிடுவார். முப்பது வருடமாக வம்சப் பதிவேடு அவர் கையில். குட்டிகளுக்கு ஆறு வாரம் ஆனதும் வீடு தேடிப் போய், காதுக்குள் பதிவு எண்ணைப் பச்சை குத்தி, தாய் தகப்பன் பெயரை எழுதுவார்.

அந்தப் பந்தய நாய் இனம் ஒன்றும் தேவலோகத்திலிருந்து இறங்கவில்லை. மில் தொழிலாளிகள் உண்டாக்கியது. ஒற்றை அறையில் அடங்க வேண்டும், கொஞ்சமாகத் தின்ன வேண்டும், பந்தயத்தில் தெருக்கோடியிலிருந்து ஒருவர் துணியை ஆட்டினால் காற்றாய்ப் பறந்து வர வேண்டும். முயல் விரட்டும் நெட்டை நாயையும் எலி பிடிக்கும் குட்டை நாயையும் சேர்த்தார்கள். முதலில் பிறந்தவை அதுவும் இல்லை, இதுவும் இல்லை. வேகமானவற்றை மட்டும் வைத்துக்கொண்டு அவற்றுக்குள்ளேயே சேர்த்ததில், ஏழெட்டுத் தலைமுறையில் வழவழவென்ற ரோமத்தோடு ஓர் உருவம் நிலைத்தது. சங்கம், பதிவேடு, சுத்த ரத்தம் என்ற பேச்செல்லாம் அதற்குப் பிறகுதான்.

பதினெட்டு வருடங்களுக்கு முன் லேத்துப் பட்டறைத் தொழிலாளி ஒருவர் வீட்டில் ஐந்து குட்டிகள். ஒன்றின் மோவாயில் விறைத்த தாடி. இந்த இனத்துக்குத் தாடியே கிடையாது.

“என்னப்பா இது? தகப்பன் யாரு?”

“அண்ணே, நான் ஷிப்டுல இருந்தப்ப ஒரு தெரு நாய் வேலி ஏறி வந்துடுச்சு. எழுதிடாதீங்க, என் பேரே கெட்டுடும்.”

உள்ளேயிருந்து லேத்துக்காரரின் மனைவி, “முதல்ல அவரைச் சாப்பிடச் சொல்லுங்க. ஊர் நாய்க்கெல்லாம் வம்சம் எழுதுறாரு, அவருக்கு ஒரு வாய் போட ஆளில்லை” என்றாள்.

சாப்பிட்டார். சங்கம் அனுமதித்த நாயையே தகப்பனாக எழுதினார். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மதியம் அந்த வீட்டில்தான். நாயைத் தவிர வேறு எதையாவது அவர் பேசுவது அந்த ஒரு வேளைதான்.

இந்த ஆண்டு பல வீடுகளில் குட்டிகள் இதயக் கோளாறால் சாகத் தொடங்கின. அந்த ஐந்து குட்டிகளின் வழியில் லேத்துக்காரர் வளர்த்த வம்சத்தில் மட்டும் ஒன்றும் சாகவில்லை. செயலாளர் கூட்டம் போட்டார்.

“பாத்தீங்களா, சுத்த ரத்தம்னா இதுதான். பதிவேட்டை மூடிடுவோம். இனி வெளி நாய் எதுவும் உள்ள வரக்கூடாது.”

முன்வரிசையில் லேத்துக்காரர் மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார்.

சொந்தத்துக்குள்ளேயே சேர்த்துச் சேர்த்துத்தான் இதயம் நைந்தது. அந்த ஒரு வம்சத்தைக் காப்பாற்றியது வேலி ஏறிய நாய். பதிவேட்டை மூடினால் சில தலைமுறைகளில் இதுவும் அதே கதிக்கு வரும். லேத்துக்காரருக்கு அந்தத் தாடி மறந்தே போயிருக்கலாம். பொய் நெடுநாள் எழுத்தில் இருந்தால் சொன்னவனே அதை நம்பிவிடுகிறான். வாயைத் திறந்தால் ஞாயிற்றுக்கிழமை போய்விடும் என்று கொள்ளுத்தாத்தாவுக்குத் தெரியும். எழுந்தார்.

“அந்த வம்சம் சுத்தமில்லீங்க. பதினெட்டு வருஷத்துக்கு முந்தி அதுக்குத் தகப்பன் ஒரு தெரு நாய். தெரிஞ்சேதான் மாத்தி எழுதினேன். அது பிழைச்சதே அதனாலதான்.”

பின்னாலிருந்து கசாப்புக்கடைக்காரர், “கொள்ளுத்தாத்தாவே தாத்தாவை மாத்திட்டாரே!” என்றார். சிரிப்பு அடங்க நேரமானது. லேத்துக்காரர் சிரிக்கவில்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை.

பதிவேடு மூடப்படவில்லை. வெளி நாய்களைச் சேர்க்க அனுமதி வந்தது. பொய் எழுதியவர் என்றாலும், பதிவேட்டு வேலைக்கு வேறு ஆள் கிடைக்காததால் கொள்ளுத்தாத்தாவே நீடித்தார். அடுத்த ஞாயிறு மதியம் நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு கட்டிலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு கழற்றி ஆணியில் மாட்டினார்.

மூன்று மாதம் கழித்து லேத்துக்காரர் வீட்டில் மறுபடி குட்டிகள். போனார். கூடையை வாசலுக்கே கொண்டுவந்து வைத்தார் லேத்துக்காரர். கொள்ளுத்தாத்தா படியில் உட்கார்ந்து ஒவ்வொரு காதாகக் குத்தினார்.

“யாருங்க வந்திருக்கிறது?” உள்ளேயிருந்து மனைவியின் குரல்.

“நாய்ப் பதிவுக்கு ஆள் வந்திருக்கு.”

அடுத்த குட்டியின் நெஞ்சில் விரல் வைத்தார். சீராகத் துடித்தது. தகப்பன் யார் என்று கேட்டார். லேத்துக்காரர் சொன்னார், அவர் எழுதிக்கொண்டார்.