தெளிந்த தண்ணீர்

யோகலிங்கத்துக்கு ஆறு என்றால் மணல் நிரப்பிய மரத்தொட்டிதான். லண்டனில் பொறியியல் நிறுவனமொன்றின் ஆய்வுகூடத்தில் எந்த நாட்டு ஆற்றையும் சிறிதாக்கி அதில் ஓடவிடுவார். 1995இல் ஓடியது பிலிப்பைன்ஸ் ஆறு. பினாட்டுபோ எரிமலை வெடித்து நான்கு வருடமாகியும் அந்தப் பாழாய்ப்போன ஆறு அடங்கவில்லை. மலை ஒரு தடவை கொட்டிவிட்டு ஓய்ந்துவிட்டது. அதைச் சுமந்து தீர்ப்பது ஆற்றின் தலையெழுத்து. மழை பெய்தால் போதும், குவிந்த சாம்பலை அறுத்துக் கரிய குழம்பாய் அள்ளிவந்து ஊர்களின் மேல் கொட்டும். அங்கே கரை கட்டும் வேலையில் இருந்தான் அவரது தம்பி ஆனந்தராஜா. தம்பியின் மனைவி சிவமலர் லண்டன் நோர்பரியில் இவர் வீட்டில் இருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆற்றோர முகாமிலிருந்து தம்பி போன் எடுத்தான்.

“ஆறு எப்பிடியடா?”

“தண்ணி தெளிஞ்சிட்டுது அண்ணை. முழங்காலளவுதான் ஓடுது.”

கொட்டும் மழைக்காலத்தில் தெளிந்த தண்ணீரா! யோகலிங்கத்துக்கு எரிச்சல் வந்தது. அவர் குடும்பத்தில் எவரும் போனில் கெட்டது சொல்வதில்லை. ஊரில் யுத்தத்தில் ஷெல் விழுந்து வீட்டுக் கூரை போனபோதுகூட ‘நாங்கள் நல்ல சுகம்’ என்றவர்கள். சிவமலருக்காகப் பூசி மெழுகுகிறான் என்றே நினைத்தார்.

“உண்மையைச் சொல்லடா.”

“உண்மைதான். பயப்பிடாதேங்கோ.”

மேலே கேட்காமல் போனைச் சிவமலரிடம் கொடுத்தார்.

மறுநாள் காலை தொட்டியில் மேல்பக்கச் சாம்பல் கரை இடிந்து விழுந்து ஆற்றைக் குறுக்கே அடைத்தது. கீழே தண்ணீர் வடிந்து, தெளிந்து, கண்ணாடியாய் ஓடியது. மேலே குளமாய் ஏறிக்கொண்டிருந்தது. யோகலிங்கத்துக்கு அப்போதுதான் விளங்கியது. தம்பி சொன்னது உண்மை! அடைப்பு உடைந்தால் அத்தனை சேறும் ஒரேயடியாய் அவன் முகாமின் மேல்தான்.

போனுக்கு ஓடினார். லைன் கிடைக்கவில்லை. திரும்பத் திரும்ப அழுத்தினார். “ஓடடா, மேட்டுக்கு ஓடடா” என்று போனின் வெறும் இரைச்சலுக்குள் கத்தினார். கூட வேலை செய்தவர்கள் திகைத்துப்போய் நின்றார்கள். பின்னேரம் மணிலா அலுவலகத்தில் ஒருவர் எடுத்தார். அடைப்பு உடைந்துவிட்டது என்றார். முகாம் இருந்த இடம் முழுக்கச் சேறு, ஒருவர்கூடத் தப்பவில்லை.

எப்படி ரயில் ஏறினார், எப்படி வந்து சேர்ந்தார் என்று அவருக்கே தெரியாது. சிவமலர்தான் கதவைத் திறந்தாள். முகம் தெளிவாய் இருந்தது.

“ராத்திரி நான் கன நாளைக்குப் பிறகு நல்லா நித்திரை கொண்டன் அத்தான். தண்ணி தெளிஞ்சிட்டுதெண்டு அவர் சொன்னவரெல்லே.”