நாலு எக்ஸெல் உடம்பும் தண்ணீர் ஆகாரமும்

1. பிரியாணி

தண்ணீர் ஆகாரம் தொடங்கிய முதல் நாளே எங்கள் பனியன் கம்பெனியில் பிரியாணி. பெரிய ஷிப்மென்ட் ஒன்று தூத்துக்குடிக்குக் கிளம்பிப் போன சந்தோஷத்தில் முதலாளி எல்லோருக்கும் சொல்லியிருந்தார். பேக்கிங் செக்‌ஷனில் அட்டைப்பெட்டிகளை ஒதுக்கிவிட்டுப் பந்தி. அந்த வாசனை படியேறி மாடியில் இருந்த எங்கள் சாம்பிளிங் அறைக்கு வந்துவிட்டது.

நான் தூக்குப்போசியைத் திறந்தேன். உள்ளே வடிகட்டிய பருப்புத் தண்ணீர். உப்பு இருந்தது, கொஞ்சம் சீரகம் இருந்தது. கடிப்பதற்கு ஒன்றும் இல்லை.

பேட்டர்ன் மாஸ்டர் நிஜாம் பாய் கை கழுவிவிட்டு மேலே வந்தார். என் டம்ளரைப் பார்த்தார்.

"ஏனுங்க்கா, இதையா மத்தியானத்துக்குக் குடிக்கறீங்க?"

"காலைக்கும் இதுதானுங்க பாய். ராத்திரிக்கும் இதுதான்."

"எத்தன நாளைக்கு?"

"ரெண்டு வாரம். அப்பறம் ஆபரேஷன்."

பாய் தன் டேபிளுக்குப் போனார். போனவர் திரும்பி வந்து, படிக்கட்டுக் கதவைச் சாத்திவிட்டுப் போனார். வாசனை நின்றபாடில்லை. ஆனால் அந்தக் கதவைச் சாத்தியதை நான் மறக்கவில்லை.

2. என் சைஸ்

என் பெயர் வசந்தாமணி. பிறந்தது ஊத்துக்குளி, வாழ்க்கைப்பட்டது நல்லூர். துணி மடித்துக் கொடுக்கிற கைமடி வேலைக்குச் சேர்ந்து, ஓவர்லாக் மெஷின் ஓட்டக் கற்று, பிறகு சாம்பிள் டெய்லராகி, கடைசியில் சாம்பிளிங் இன்சார்ஜ் ஆனேன். வெண்ணெய்க்குப் பேர்போன என் ஊரைச் சொன்னாலே, "வெண்ணெய் தின்னு வளந்த ஒடம்பா?" என்று கேட்பார்கள். எங்கள் வீட்டில் எருமை இருந்தது, வெண்ணெய் விற்பனைக்குப் போனது. நாங்கள் தின்றது சோளக்களி. உடம்பு அதற்கெல்லாம் கட்டுப்பட்டதில்லை.

எங்களிடம் சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர்களில் ஒருவர் பெரிய சைஸ் டி-ஷர்ட் மட்டுமே வாங்குகிறவர். ஆர்டர் ஓடுவதற்கு முன்னால் ஒரே ஒரு உருப்படி தைத்து, அதை உடம்பில் போட்டுக் காட்டி, அப்ரூவல் வாங்க வேண்டும். அதுதான் ஃபிட் சாம்பிள். சட்டை மாட்டிப் பார்க்க எங்களிடம் இருந்த டம்மி பொம்மைகள் எல்லாம் மீடியம். நாலு எக்ஸெல் வந்தால் டம்மி நான்தான். சுடிதாருக்கு மேலேயே போட்டுக்கொண்டு நிற்பேன். பாய் டேப் வைப்பார், பையர்களோடு ஆர்டர் பேசுகிற மெர்ச்சண்டைசர் பையன் போட்டோ எடுப்பான். மெயில் அனுப்பும்போது கழுத்துக்கு மேலே வெட்டிவிடுவார்கள். எத்தனையோ நாட்டு ஆபீஸுக்கு என் உடம்பு போயிருக்கிறது. முகம் ஒரு ஊருக்கும் போனதில்லை.

இதற்காக நான் அழுததில்லை. வேலை என்று நின்றேன். ஆபரேஷன் செய்துகொள்ள முடிவெடுத்ததும் யாரோ கேலி பேசியதற்காக இல்லை. மாடிப்படி ஏறினால் முட்டி கத்தியது. படுத்தால் மூச்சு நின்று நின்று வந்தது. சுகர் மாத்திரை கூடிக்கொண்டே போனது. நடை, கொள்ளு, கஷாயம் எல்லாம் வருஷக்கணக்கில் பார்த்தாகிவிட்டது. கோயம்புத்தூரில் டாக்டரம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, இரைப்பையைச் சின்னதாக்குகிற ஆபரேஷன் செய்யலாம் என்றார். அதற்கு முன்னால் கல்லீரலில் இருக்கிற கொழுப்பு வடிய வேண்டும். அது வீங்கி இரைப்பையை மூடிக்கொண்டிருந்தால் கருவி உள்ளே போகாது. அதற்காகத்தான் தண்ணீர் ஆகாரம்.

ஏற்கெனவே ஒரு முறை தேதி குறித்து, நான் நடுவில் நாலு வாய் சோறு தின்றதால், கல்லீரல் சுருங்கவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இது இரண்டாவது முறை. இந்தத் தடவை திரும்பி வருவதில்லை என்று இருந்தேன்.

3. வாயைக் கட்டுவது

புரோட்டீன் பவுடர் கரைத்த தண்ணீர், வடிகட்டிய சூப், வெண்ணெய் எடுத்த மோர், பருப்புத் தண்ணீர். இவ்வளவுதான். சுகர் மாத்திரையை டாக்டரம்மாவே குறைத்துக் கொடுத்திருந்தார். முதல் சில நாள் தலை இடியாய் இடித்தது. பாபினில் நூல் தீர்ந்ததற்கெல்லாம் ஆட்களிடம் எரிந்து விழுந்தேன். டீ டைமில் வடைத் தட்டு என்னைத் தாண்டிப் போகும்போது, அதைப் பிடித்திருப்பவர் மீது காரணமில்லாமல் கோபம் வந்தது. பசியைக்கூடத் தாங்கிவிடலாம். பல்லுக்கு வேலை இல்லாததுதான் கொடுமை. ஒரு முறை நூல் கத்தரிக்கும்போது, நூலை வாயில் வைத்து மென்றுகொண்டிருந்ததை நானே தாமதமாகத்தான் கவனித்தேன். பிறகு பசி மெல்ல அடங்கியது. மந்திரம் ஒன்றும் இல்லை, உடம்பு பழகிவிட்டது.

என் வீட்டுக்காரர் சமையலறையில் எதையும் தாளிக்கவில்லை. சாப்பிட வேண்டும் என்றால் வண்டியை எடுத்துக்கொண்டு எங்காவது போய்விட்டு வாயைக் கழுவிக்கொண்டு வருவார். அவருடைய அக்கா, என் நங்கையா, விஷயம் கேள்விப்பட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். கையில் ஒரு சம்புடம் நிறைய நெய் முறுக்கு.

"ஏன் வசந்தா, நல்லா இருக்கற ஒடம்பை எதுக்கு அறுத்துக்கற? வாயைக் கட்டுனா பத்தாதா?"

"வாயைக் கட்டித்தானுங்க நங்கையா உக்காந்திருக்கறேன். நீங்கதான் முறுக்கோட வந்திருக்கறீங்க."

அவருக்குச் சுருக்கென்றது. சம்புடத்தை ஓரமாகத் தள்ளி வைத்தார். பிறகு, "எனக்கும் அந்த மோர் ஒரு டம்ளர் குடு" என்றார். இருவரும் மோர் குடித்தோம். கிளம்பும்போது முறுக்குச் சம்புடத்தைத் தானே எடுத்துக்கொண்டு போனார்.

4. பார்சல்

அந்த வாரம்தான் பெரிய சைஸ் பையரின் பெங்களூரு ஆபீஸிலிருந்து செய்தி வந்தது. ஃபிட் சாம்பிளைப் போட்டோவில் பார்த்துத் திருப்தி இல்லையாம். அளவு சரிபார்க்கிற டெக்னிக்கல் மேடம் நேரில் வருகிறாராம். வருகிற நாள், என் ஆபரேஷனுக்குச் சற்று முன்னால்.

முதலாளி என்னை ரூமுக்குக் கூப்பிட்டார். அவர் கெட்டவர் இல்லை. பவர் டேபிளில் தையல் வேலை பார்த்து மேலே வந்தவர். அவரும் நல்ல பருமன், தொளதொளவென்று வெள்ளைச் சட்டை போட்டு மறைத்துக்கொள்வார்.

"ஏனுங் வசந்தாமணி, கேள்விப்பட்டேன். ஆபரேஷனை ஒரு மாசம் தள்ளிப் போட முடியாதுங்களா?"

"ஒருக்கா தள்ளிப் போயிருச்சுங்க சார். இனி முடியாதுங்க."

"செரி, ஆபரேஷனைப் பண்ணிக்குங்க. மேடம் வந்து போற வரைக்குமாவது நல்லாச் சாப்பிடுங்க. நீங்க எளைச்சுட்டீங்கன்னா ஃபிட் யாரு மேல காட்டறது?"

"சாப்பிட்டா ஆபரேஷனே பண்ண மாட்டாங்க சார்."

"அத்தன பேருக்கு வேலை குடுக்கற ஆர்டருங்க இது."

"தெரியுமுங்க சார். தெச்சுக் குடுக்கறது என் வேலை, அதை ஒரு நூல் பிசகாமச் செய்வேன். என் ஒடம்பு எப்ப எளைக்கோணும்னு மெர்ச்சண்டைசிங்ல முடிவு பண்ண முடியாதுங்க."

அவர் முகம் சுருங்கியது. "லீவு முடிஞ்சு வர்றப்போ இந்த சீட்டு இருக்குமான்னு என்னால சொல்ல முடியாது" என்றார். நான் எழுந்து வந்துவிட்டேன்.  

மறுநாள் மத்தியானம் முதலாளியின் டிரைவர் பார்சலோடு வந்தார். இலையில் கட்டிய சோறு, கோழி வறுவல், மேலே உருக்கிய நெய். "ஐயா குடுக்கச் சொன்னாருங்க." அடுத்த நாள் நெய் ரோஸ்ட். அதற்கடுத்த நாள் பரோட்டா, சால்னா. டிரைவரிடம் சண்டை போட்டு என்ன பயன்? ஒவ்வொரு பொட்டலத்தையும் பிரிக்காமல் நிஜாம் பாய் டேபிளில் வைத்தேன்.

வாரக் கடைசியில் பாய் பேன்ட்டை இழுத்து விட்டுக்கொண்டு சொன்னார்: "அக்கா, இப்படியே போனா நாலு எக்ஸெல்லுக்கு ஆள் ரெடி ஆயிரும் போல இருக்குது."

எனக்கு அந்த வாரத்தில் வந்த ஒரே சிரிப்பு அது.

5. மேடம் வந்த நாள்

மேடம் வந்தார். நல்ல மனுஷி, வேலையில் கறார். சாம்பிளிங் அறையில் முதலாளி, பாய், மெர்ச்சண்டைசர் எல்லோரும் நின்றார்கள். நான் டி-ஷர்ட்டைப் போட்டுக்கொண்டு நின்றேன். மேடம் முன்னால் பார்த்தார், பின்னால் பார்த்தார், மார்புப் பக்கம் துணியைக் கொத்தாகப் பிடித்தார். பிடியில் துணி நிறைய வந்தது.

"அளவு எடுங்க" என்றார். பாய் என்னை அளந்தார். மார்பும் வயிறும் பையர் கொடுத்த அளவுப் பட்டியலில், ஸ்பெக்கில், இருந்ததைவிடக் குறைந்திருந்தன.

"கார்மென்ட் சரியா இருக்கு. ஆள்தான் சின்னதாயிட்டாங்க" என்றார் மேடம். "இப்போ எப்படி நான் ஃபிட் பார்க்கறது?"

முதலாளிக்குப் பொறுக்கவில்லை. எல்லோர் முன்னாலும் வெடித்தார். "சொன்னேனுங்களா இல்லீங்களா? ரெண்டு வாரம் சோறு தின்னிருந்தா என்ன குடி முழுகிப் போயிருக்கும்?"

 பாய் டேப்பைக் கையில் சுருட்டிக்கொண்டே இருந்தார்.  அத்தனை நாள் பருப்புத் தண்ணீரில் இருந்தவளுக்கு அவ்வளவு தெம்பு எங்கிருந்து வந்தது என்று இன்றைக்கும் தெரியவில்லை. சுடிதாருக்கு மேலே போட்டிருந்த டி-ஷர்ட்டைக் கழற்றினேன். உதறி, மடித்து, முதலாளி முன்னால் நீட்டினேன்.

"ஆர்டர் முக்கியம்னு நீங்கதானுங்க சார் சொன்னீங்க. இது ஆம்பளை பொம்பளை ரெண்டு பேரும் போடற யூனிசெக்ஸ் ஸ்டைலு. ஸ்பெக்குல இருக்கற அளவு உங்களுக்கு அப்படியே வருமுங்க. நீங்களே போட்டுக்குங்க."

"நானா?"

"ஆமாங்க சார். நான் இத்தன வருசம் நின்னேனுங்க. நீங்க ஒருக்கா நில்லுங்க."

மெர்ச்சண்டைசர் பையன் கம்ப்யூட்டருக்குள் தலையை விட்டுக்கொண்டான். முதலாளி மேடத்தைப் பார்த்தார். அவர் தடுப்பார் என்று நினைத்திருப்பார் போலிருக்கிறது. மேடம் வாட்சைப் பார்த்துவிட்டு, "நல்ல ஐடியா சார். எனக்கு சாயங்காலம் ட்ரெயின் இருக்கு" என்றார்.

வேறு வழி இல்லை. முதலாளி ரூமுக்குப் போய், சட்டைக்குப் பதில் டி-ஷர்ட்டோடு வந்தார். பொருத்தமென்றால் அப்படி ஒரு பொருத்தம். பாய் டேப் வைத்தார். மேடம் தன் வேலையை ஆரம்பித்தார். "கையைத் தூக்குங்க. திரும்புங்க. உக்காருங்க. பாருங்க, உக்கார்ந்தா வயித்துக்கிட்ட மேலே ஏறுது. இங்க இழுக்குது." சொல்லச் சொல்ல அந்தந்த இடத்தில் விரல் வைத்துக் காட்டினார். முதலாளியின் நெற்றி வேர்த்தது. வயிற்றை உள்ளிழுத்துக்கொண்டார்.

"வயித்த எக்காதீங்க சார், ஃபிட் தப்பாக் காட்டும்" என்றேன். எத்தனையோ தடவை எனக்குச் சொல்லப்பட்டதுதான்.

போட்டோ எடுக்கப் பையன் செல்லைத் தூக்கியதும் முதலாளி மெதுவாகக் கேட்டார்: "மூஞ்சி வருமா?"

"வராதுங்க சார்" என்றேன். "கழுத்துக்கு மேல வெட்டிருவாங்க."

அவர் என்னைப் பார்த்தார். நானும் பார்வையைத் தாழ்த்தவில்லை.

டி-ஷர்ட்டின் நீளத்தைக் கொஞ்சம் கூட்டச் சொல்லி மேடம் அப்ரூவல் கொடுத்துவிட்டுப் போனார். ஆர்டர் ஓடியது.  அடுத்த நாள் பார்சல் வரவில்லை.

6. அதன் பிறகு

கோயம்புத்தூரில் ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா, "கல்லீரல் நல்லா சுருங்கியிருக்கு. ஒழுங்கா இருந்திருக்கீங்க" என்றார். பிள்ளை பரீட்சையில் பாஸான மாதிரி என் வீட்டுக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆபரேஷன் முடிந்தது. வலி இருந்தது, வாந்தி இருந்தது. மறுபடியும் தண்ணீர், பிறகு கூழ், பிறகு மசித்த இட்லி. யாராவது சுலபம் என்று சொன்னால் நம்பாதீர்கள். குறுக்கு வழி என்று சொன்னாலும் நம்பாதீர்கள்.

உடம்பு தேறி கம்பெனிக்குப் போனபோது என் நாற்காலி இருக்குமா என்று தெரியாமல்தான் படியேறினேன். முட்டி கத்தவில்லை. நாற்காலி இருந்தது. அதற்குப் பக்கத்தில், பாலிதீன் கவர்கூடப் பிரிக்காமல், புத்தம் புதிய நாலு எக்ஸெல் டம்மி ஒன்று நின்றது. "முதலாளியே ஆர்டர் போட்டு வாங்குனாருங்க்கா" என்றார் பாய். மன்னிப்பு என்று அவர் வாயிலிருந்து வரவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். கம்பெனிக்கு உங்கள் கையைக் கொடுங்கள், கண்ணைக் கொடுங்கள், கற்றதையெல்லாம் கொடுங்கள். உடம்பு உங்களுடையது. அது எப்போது பெருக்க வேண்டும், எப்போது இளைக்க வேண்டும், எதைக் குடிக்க வேண்டும் என்று சொல்ல வருகிறவர் யாராக இருந்தாலும், மரியாதையாக, எழுந்து நின்று, முடியாது என்று சொல்லுங்கள். குரல் நடுங்கினாலும் பரவாயில்லை.

சில மாதம் கழித்து முதலாளி சாம்பிளிங் அறைக்கு வந்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார். நல்ல மனதோடுதான் சொன்னார்.

"இப்பத்தானுங்க வசந்தாமணி, பார்க்க லட்சணமா இருக்கறீங்க."

"அப்பவும் லட்சணமாத்தானுங்க சார் இருந்தேன்" என்றேன். "முட்டிதான் வலிச்சுது."