பிளாஸ்டிக் கத்தரிக்காயும் சாப்பாட்டு டப்பாவும்

அந்தப் பல்கலைக்கழகத்தில் எல்லாரும் அவளைத் ‘தற்காலிகம்’ என்றுதான் சொல்வார்கள். வேலையில் சேர்ந்தபோது உத்தரவில் அப்படிப் போட்டிருந்தது. அதற்கப்புறம் மாறியது அவள் தலைமுடியின் நிறம் மட்டும்தான். அவள் உட்காரும், ஒரு கால் ஆடுகிற நாற்காலிக்குக்கூட முதுகில் எண் ஒட்டியிருந்தது. பாடம் நடத்த உதவும் பொருள் எதுவானாலும் ஸ்டோர்க்காரர் வந்து எண் ஒட்டிவிடுவார். அன்றிலிருந்து அது பல்கலைக்கழகத்தின் நிரந்தரச் சொத்து. அப்படிப் பார்த்தால் நாற்காலி நிரந்தரம். அதில் உட்கார்ந்தவள்தான் வருஷா வருஷம் ஒரு கையெழுத்துக்காகத் தவம் கிடந்தாள்.

ஒருநாள் துறைத்தலைவர் கூப்பிட்டார்.

“உள்ளூர் உணவு எப்படி விளையுது, எப்படித் தட்டுக்கு வருதுன்னு ஒரு தீவிரப் பாடம் தயார் பண்ணுங்கம்மா. ரெண்டே வாரத்துல நடத்தி முடிக்கணும். பாடத்திட்டக் குழு ஒத்துக்கிட்டா உங்க வேலையை நிரந்தரம் பண்ணிடலாம்.”

அவளுக்குத் தரையில் கால் பாவவில்லை. விடியற்காலையில் மொத்தச் சந்தை, பிறகு தோட்டம், குளிர்சாதனக் கிடங்கு, கடைசி நாள் மாணவர்களே சமைத்துச் சாப்பிடுவது என்று ஆசை ஆசையாகத் திட்டம் போட்டாள்.

குழு அதிலிருந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கியது.

“சந்தையில தரை வழுக்கும்,” என்றார் பாதுகாப்பு அதிகாரி. “தோட்டத்துல சேறு. சமையல்ல தீ இருக்கு.”

“வகுப்புக்குக் காய்கறியாவது கொண்டு வரலாமா சார்?”

“அழுகிடுமேம்மா,” என்றார் ஸ்டோர்க்காரர். “ஈரத்துல எண் ஒட்டாது.”

முடிவில் பிளாஸ்டிக் காய்கறி வாங்கினார்கள். அது கடல் கடந்து கப்பலில் வந்து இறங்கியது.

அன்று வீட்டில் வெடித்துவிட்டாள். “ஏங்க, கப்பல்ல வந்த கத்தரிக்காயைக் காட்டி உள்ளூரைப் பத்தி நான் என்னத்தைச் சொல்றது?”

சைக்கிள் கடை வைத்திருக்கும் அவள் கணவர்தான் காலையில் சமைத்து அவளுக்கு டப்பா கட்டிக்கொடுப்பவர். “நிரந்தரமாகுற வரைக்கும் அதையே காட்டும்மா,” என்றார். “அப்புறம் வாயைத் திற.”

மாதிரி வகுப்பு நாளும் வந்தது. குழுவினரே மாணவர்களாக உட்கார்ந்தார்கள். நேரப் பட்டியலில் சாப்பாட்டு இடைவேளையைத் துறைத்தலைவர் அடித்துவிட்டிருந்தார். தீவிரம் என்று பேர் வைத்துவிட்டு நடுவில் எழுந்து சாப்பிடப் போனால் நன்றாகவா இருக்கும் என்பது அவர் வாதம். மதியம் தாண்டியது. கேன்டீனையும் பூட்டிவிட்டார்கள். வயிறுகள் மாறி மாறிக் கூப்பாடு போட்டன. பாதுகாப்பு அதிகாரி கையிலிருந்த பிளாஸ்டிக் கத்தரிக்காயை யோசனையாகப் பார்த்தார். பிறகு கடித்தார்.

இதற்கு மேல் அவளால் பொறுக்க முடியவில்லை. பாவம், பல்லாவது மிஞ்சட்டும் என்று தன் டப்பாவை எடுத்துத் திறந்தாள். உள்ளே சோறும் வதக்கிய கத்தரிக்காயும். வாசனை கிளம்பியதுதான் தாமதம், மொத்தக் குழுவும் மேஜையைச் சுற்றி நின்றது. ஆளுக்கொரு கை நீண்டது.

அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “இது எங்க விளைஞ்சதுன்னு சொல்லுங்க. அப்புறம் வாயில வைங்க!”

“கடையில,” என்றார் பாதுகாப்பு அதிகாரி. அவளே சொன்னாள். ஆற்றோரத் தோட்டத்தையும், சொத்தைக் காயைத் தடவியே கண்டுபிடிக்கும் வியாபாரி அம்மாவையும், மழை வந்தால் விலை என்ன ஆகும் என்பதையும் சொன்னாள். வாயில் சோற்றோடு கேள்வி மேல் கேள்வி கேட்டார்கள். இப்படி ஒரு வகுப்பு அவளுக்கு வாழ்நாளில் அமைந்ததில்லை. வேலை விஷயமே மறந்துபோனது.

டப்பா வழித்துத் துடைத்தாயிற்று. துறைத்தலைவர் விரலைத் துடைத்துக்கொண்டார்.

“பிரமாதம்மா! பாடத்துக்கு ஒப்புதல் குடுத்தாச்சு. இந்த டப்பா இல்லாம இந்தப் பாடமே இல்ல.”

சொல்லி வாய் மூடவில்லை, ஸ்டோர்க்காரர் டப்பாவைக் கழுவித் துடைத்து எண் ஒட்டிவிட்டார்.

“சார், என் வேலை?”

“ஒரு கூட்டத்துல ஒண்ணைத்தான்மா நிரந்தரம் பண்ண முடியும். உங்களை இன்னும் ஒரு வருஷத்துக்கு நீட்டிச்சிருக்கோம். தினமும் சாப்பாட்டை மட்டும் மறக்காம கொண்டு வந்துடுங்க.”

பஸ்ஸில் அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன. பக்கத்து சீட்டு அம்மா நகர்ந்து உட்கார்ந்தாள்.

வாசலிலேயே நின்றிருந்தார் கணவர். “நிரந்தரம் ஆயிடுச்சா?”

“ஆயிடுச்சு.”

அவருக்குத் தலைகால் புரியவில்லை. அவள் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டார். பை லேசாக இருந்தது.

“டப்பா எங்கம்மா?”

“அதுதாங்க ஆயிடுச்சு.”