நூல் மாட்டும் இடம்

கட்டிலை ஒட்டிப் போடும் தொட்டில் வாங்க, நிறைமாத வயிற்றோடு திண்டுக்கல் கடையில் நின்றேன். புதுப் பலகை வாசம் அடித்தது.

தம்பி பிறந்தபோது, தக்காளிப் பெட்டிப் பலகையில் அப்பா அடித்த தொட்டிலிலும் இதே வாசம்தான், கொஞ்சம் புளிப்போடு. அம்மா தம்பியைத் தோளில் போட்டபடி, நைலக்ஸ் முந்தானையால் சட்டங்களை ஒவ்வொன்றாகத் தடவினாள். ஓரிடத்தில் நூல் மாட்டியது.

"சேலையவே இழுக்குது. பச்சப்பிள்ள தோலு என்னாகும்? இன்னும் செத்த நேரம் தேய்ங்க."

அப்பா முணுமுணுத்துக்கொண்டே உப்புத்தாளை எடுத்தார். முந்தானை வழுக்கி ஓடும்வரை அம்மா தம்பியைத் தோளிலிருந்து இறக்கவில்லை.

"இதத்தான்க்கா இப்ப எல்லாரும் வாங்குறாக" என்றார் கடைக்காரர்.

துப்பட்டாவால் உள்பக்கம் தடவினேன். திருகாணி அருகே மாட்டியது.

"தூசியெல்லாம் இல்லக்கா."

"தூசி பாக்கல. அடுத்தத எடுங்க" என்றேன், துப்பட்டாவைக் கையில் பிடித்தபடியே.